பக்கிள் ஓடை: தூத்துக்குடிக்கும் ஒரு ‘கேனல் சைடு’ கிடைக்குமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

லண்டன் போன ஃப்ரெண்ட் யாராவது உங்களுக்கு இருந்தா, அவங்க இன்ஸ்டாவுல இந்த போட்டோ கட்டாயம் இருக்கும். ஒரு கால்வாய், அதுல கலர் கலரா படகு, கரையில செங்கல் கட்டடம், கையில காபி. அது ரீஜன்ட்ஸ் கால்வாய். கேம்டன், கிங்ஸ் கிராஸ் பக்கம் போறவங்க அங்க ஒரு நடை நடக்காம திரும்புறதில்ல.

அதைப் பார்த்துட்டு ஒருத்தர் நமக்கு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க: “தூத்துக்குடியிலயும் ஊருக்கு நடுவுல பக்கிள் ஓடை ஓடுது. அதை ஏன் இப்படி ஆக்கக் கூடாது?” நல்ல கேள்வி. அதுக்காகவே நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்தேன்.

முதல்ல, லண்டன்ல என்ன நடந்தது?

ரீஜன்ட்ஸ் கால்வாய் அழகுக்காக வெட்டினது இல்ல. 1820-ல முழுசா திறந்தப்போ அது ஒரு சரக்குப் பாதை. கரையில குதிரை நடக்கும். அது கயிறு கட்டிப் படகை இழுக்கும். இன்னைக்கு எல்லாரும் ஜாகிங் போற பாதை, அந்தக் குதிரை நடந்த பாதைதான்.

அப்புறம் ரயில் வந்தது, லாரி வந்தது. கால்வாய்க்கு வேலை போச்சு. கரையில இருந்த கிடங்குகள் சும்மா கிடந்ததால வாடகை குறைஞ்சது. வாடகை குறைஞ்ச இடத்துக்குக் கைவினைக்காரங்க, இசைக்காரங்க எல்லாம் வந்தாங்க. 1970-கள்ல கேம்டன் லாக் சந்தை ஆரம்பிச்சது. கிங்ஸ் கிராஸ்ல நிலக்கரி இறக்கின கட்டடமே 2018-ல ஷாப்பிங் இடமா மாறிடுச்சு. கடைசியில வாடகை எகிறி, முதல்ல வந்தவங்களே தாக்குப்பிடிக்க முடியாத நிலைமை.

இதுல ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க: வேலை முடிஞ்சு ரிட்டயர் ஆன கால்வாய்தான் அங்க ‘ட்ரெண்டி’ ஆச்சு.

நம்ம ஓடை ரிட்டயர் ஆகல

தூத்துக்குடியில ஆட்டோ ஏறி, “பக்கிள் ஓடை ஓரமா திரேஸ்புரம் வரைக்கும் போகணும்”னு சொன்னேன். அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். “ஓடையில என்னத்த பாக்க போறிய? பீச் ரோட்டுக்குப் போங்க, காத்தாவது வரும்.”

அவர் சொன்னதுல நியாயம் இருக்கு. ஒரு ஆங்கிலேயர் பேரைத் தாங்கி நிக்கிற இந்த ஓடை, ஊருக்குள்ள விழுற மழைத் தண்ணியை வாங்கிட்டுப் போய் திரேஸ்புரம் பக்கம் கடல்ல விடுறதுக்காக இருக்கிறது. இப்போ அதுல வீட்டுக் கழிவுநீரும் கலக்குது. வெயில் நாள்ல மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கணும்.

ஆனா மழை நாள்ல இந்த ஓடைதான் ஊரோட உயிர். தூத்துக்குடி தட்டையான ஊர். உப்பளம் போட முடியுதுன்னா நிலம் எவ்வளவு சமமா, எவ்வளவு தாழ்வா இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. சரிவு இல்லாத இடத்துல தண்ணி தானா ஓடாது. கடல் மட்டம் ஏறியிருக்கிற நேரம்னா இன்னும் மெதுவாத்தான் வடியும். நடுவுல குப்பையோ மண்ணோ அடைச்சா, தண்ணி வந்த வழியே தெருவுக்குத் திரும்பிடும்.

2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 செ.மீ. மழை. சாதாரணமா ஒரு வருஷம் முழுக்க 70 செ.மீ. கூடப் பெய்யாத மாவட்டம் இது. கோரம்பள்ளம் குளம் உடைஞ்சது. திருச்செந்தூர்ல இருந்து கிளம்பின ரயில், நூத்துக்கணக்கான பயணிகளோட ஸ்ரீவைகுண்டத்துல மாட்டிக்கிச்சு. தூத்துக்குடி நகரத்துல பல தெருக்கள்ல நாள்கணக்கா தண்ணி நின்னது. அவ்வளவு மழையை எந்த ஓடையாலயும் ஒரேயடியா தாங்க முடியாது, உண்மைதான். ஆனா தண்ணி எத்தனை நாள்ல வடியும்ங்கிறதை ஓடைதான் முடிவு பண்ணும்.

ஓடை முடியுற இடம்

திரேஸ்புரத்துல ஓடை கடலைத் தொடுது. கரை முழுக்க நாட்டுப் படகு, வலை, மீன் வாடை. இது முத்துக்குளித்துறை. அரசாங்கம் நடத்தின பெரிய முத்துக்குளிப்பு 1961-ஓட நின்னு போச்சு. ஆனா சங்குக்குளி நிக்கல. இங்க இருந்து போய் மூழ்கிச் சங்கு எடுத்துட்டு வர்றவங்க இன்னும் இருக்காங்க. வங்காளத்துல கல்யாணமான பெண்கள் போடுற வெள்ளை வளையல், மன்னார் வளைகுடா சங்குல செஞ்சதா இருக்கலாம்.

இவங்க மூழ்குற கடல்லதான் ஓடையும் வந்து கலக்குது. அதனால ஓடையில என்ன விடுறோம்ங்கிறது முதல்ல இவங்க பிரச்சினை. அப்புறம்தான் நம்ம போட்டோ பிரச்சினை.

அப்போ அழகாக்கவே கூடாதா?

தாராளமா ஆக்கலாம். 2017-ல தூத்துக்குடி ஸ்மார்ட் சிட்டி பட்டியல்ல வந்தது. பக்கிள் ஓடைச் சீரமைப்பும் அந்தத் திட்டங்கள்ல ஒண்ணு. நாம கேட்க வேண்டியது, எந்த ஊரைப் பார்த்து எழுதுறோம்னுதான்.

லண்டனைவிட சியோல் நமக்குப் பொருத்தம். அங்க சங்கேசன் ஓடை மேல இருந்த மேம்பாலத்தையே இடிச்சு, 2005-ல ஓடையை வெளிய கொண்டு வந்தாங்க. வெள்ளம் வந்தா தண்ணி போகட்டும்னு இடம் விட்டுத்தான் நடைபாதை கட்டினாங்க. பெருமழை பெஞ்சா நடைபாதையை மூடிடுவாங்க. அங்க தண்ணிதான் முதலாளி, மனுஷன் விருந்தாளி. எதிர் உதாரணம் சென்னையிலயே இருக்கு: பக்கிங்காம் கால்வாய்க்குள்ளயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டோம்.

ஆகவே மூணு கேள்வி. கழிவுநீருக்குத் தனிக் குழாய் போட்டாச்சா? கரையில பெஞ்சும் விளக்கும் போடுறப்போ ஓடையோட அகலம் குறையுதா? நாளைக்கு அந்த இடத்துக்கு மவுசு வந்தா, படகு நிறுத்துறவங்களுக்கு அங்க இடம் இருக்குமா? இந்த மூணுக்கும் பதில் இருந்தா, காபிக் கடைக்கு முதல் ஆளா நான் வர்றேன்.

போறவங்களுக்கு

சாயங்காலம் போங்க. திரேஸ்புரத்துல படகுகளைப் பாருங்க. ஆள்களை போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி கேளுங்க. அப்புறம் தெற்கே பீச் ரோட்டுல வந்தா பழைய துறைமுகம். வ.உ.சி. 1906-ல சுதேசி கப்பல் கம்பெனி ஆரம்பிச்ச ஊர் இது. மாலத்தீவுக்குத் தோணியில சரக்கு ஏத்துற வழக்கம் இன்னும் இருக்கு. அப்படியே பனிமய மாதா கோவில், ரோச் பூங்கா. கடைசியில முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்த மக்ரூன் ஒரு பாக்கெட்.

அந்த பாக்கெட் கவரை மட்டும் ஓடையில போட்டுடாதீங்க மக்களே. உங்க ஊர்லயும் இப்படி ஒரு ஓடை இருக்கும். அது எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு ஒரு நாள் நடந்து பாருங்க, பார்த்துட்டு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.