பழைய கேம் சிடி லினக்ஸில் ஓடுமா? சோதித்துப் பார்த்ததை எழுதி வைப்பது ஏன் முக்கியம்?

கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ இருக்கும் உங்கள் வீட்டுப் பரணில் 20 வருடப் பழைய கேம் சிடி ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல். ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கம்ப்யூட்டரில் போட்டால் ஓடவில்லை. 'சிடி போச்சு' என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கோளாறு வேறு இடத்தில் இருக்கலாம்.

ஏன் ஓடவில்லை?

'தி சிம்ஸ்', 'பேட்டில்ஃபீல்டு 1942' போன்ற கேம்கள் 'சேஃப்டிஸ்க்' என்ற காப்பித் தடுப்புடன் வந்தன. சிடியை நகலெடுத்தால் சரியாகப் பதிவாகாத சில பகுதிகளை வேண்டுமென்றே அதில் வைத்திருப்பார்கள். போட்டிருப்பது ஒரிஜினல்தானா என்று சரிபார்க்க, 'செக்டிரைவ்' என்ற டிரைவர் விண்டோஸின் அடித்தளம் வரை போகும். அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால், 2015-ல் வந்த விண்டோஸ் 10-ல் மைக்ரோசாஃப்ட் அதை அனுமதிக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் விண்டோஸ் 7, 8-க்கான அப்டேட்டிலும் முடக்கியது.

லினக்ஸில்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததால், பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடலாமா என்று நீங்கள் யோசிக்கலாம். 1993-ல் தொடங்கிய 'வைன்' என்ற இலவச மென்பொருள், விண்டோஸ் புரோகிராம் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்கிறது. ஸ்டீம் கேம்களுக்காக வால்வ் நிறுவனம் 2018-ல் தந்த 'புரோட்டான்' இதை அடிப்படையாகக் கொண்டதுதான். (தங்கவயல் சுரங்கத்தில் 1980-களில் ஆராய்ந்த புரோட்டான் வேறு!) ஆனால் விண்டோஸ் டிரைவர் லினக்ஸ் கெர்னலுக்குள் நேரடியாக இயங்காது. அந்த வேலையை வைன் தனியாகப் போலச் செய்து காட்ட வேண்டும். அதனால் ஒரு கேம் ஓடும், இன்னொன்று அடம் பிடிக்கும்.

எதை எழுதி வைக்க வேண்டும்?

'எனக்கு ஓடுச்சு' என்பது மட்டும் அடுத்தவருக்கு உதவாது. இவற்றைக் குறியுங்கள்:

- கேமின் பெயர், பதிப்பு, போட்ட பேட்ச். ஒரே கேமின் மறுவெளியீட்டில் தடுப்பு மாறியிருக்கலாம்.
- தடுப்பின் வகை. சிடியில் '00000001.டிஎம்பி' என்ற ஃபைல் இருந்தால் பெரும்பாலும் சேஃப்டிஸ்க்.
- லினக்ஸ், வைன் பதிப்புகள், கிராஃபிக்ஸ் கார்டு.
- எந்தக் கட்டத்தில் நின்றது: இன்ஸ்டால் ஆகும்போதா, சிடி சோதனையிலா, ஆட்டத்தின் நடுவிலா?
- நீங்கள் மாற்றிய செட்டிங்குகள்.

வைன் திட்டத்தின் தரப்பட்டியலில் பிளாட்டினம் என்றால் போட்டவுடனே ஓடும். கோல்டு என்றால் சில மாற்றங்களுக்குப் பிறகு ஓடும். கடைசி நிலை 'கார்பேஜ்'. தோல்வியையும் பதியுங்கள். அடுத்தவரின் ஒரு நாள் மிச்சமாகும்.

'கிராக்' போடலாமா?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, முறையாக வாங்கிய மென்பொருளுக்குப் பேக்கப் நகல் எடுக்க அனுமதிக்கிறது. ஆனால் பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தடுப்பை உடைத்தால், 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவின்படி 2 ஆண்டுகள் வரை சிறை, அபராதம். மேலும், முகம் தெரியாத தளத்திலிருந்து இறக்கும் கிராக்கில் வைரஸ் ஒளிந்திருக்கலாம். 2008-ல் தொடங்கிய ஜிஓஜி தளம் பழைய கேம்களைத் தடுப்பு இல்லாமலே விற்கிறது. உங்கள் கேம் அங்கே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அந்தச் சிடியும், நீங்கள் எழுதி வைக்கும் குறிப்பும்தான் அதை மறுபடி ஓட வைக்க வழி.