கித்தேரியம்மாள் அம்மானை

கித்தேரியம்மாள் அம்மானை, வீரமாமுனிவர் இயற்றிய கிறிஸ்தவக் கதைப்பாடல். ரோமப் பேரரசின் காலத்தில் இன்றைய போர்ச்சுகல் பகுதியில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் கித்தேரி என்னும் கன்னிப் புனிதையின் கதையைச் சொல்வது. தமிழ் கிறிஸ்தவக் கதையிலக்கியத்தின் தொடக்கக்கால ஆக்கங்களில் ஒன்று.

ஆசிரியர்

வீரமாமுனிவர் (கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி) 1680-ல் இத்தாலியில் பிறந்தவர். இயேசு சபைத் துறவியாக 1710-ல் இந்தியா வந்தார். இன்றைய அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் உள்ள ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் தங்கிப் பணியாற்றினார். அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். அங்குள்ள அடைக்கல மாதா மீது அவர் பாடியது திருக்காவலூர்க் கலம்பகம். அரியலூர் மழவராயர் ஒருவரின் ராஜபிளவை நோயை அவர் குணப்படுத்தினார், அதற்கு நன்றியாகக் கோயிலுக்கு நிலம் கிடைத்தது என்பது அவ்வூரின் செவிவழிச் செய்தி. அவர் 1747-ல் மறைந்தார்.

கதை

ஐரோப்பிய மரபில் வழங்கும் கதையின்படி கித்தேரி, ரோம ஆட்சியாளர் ஒருவரின் மகள். ஒரே பிரசவத்தில் பிறந்த ஒன்பது பெண்களில் ஒருத்தி. ஒன்பது குழந்தைகளை ஒருசேரப் பெற்றதை இழிவாகக் கருதிய தாய், அவர்களை ஆற்றில் அமிழ்த்திவிடும்படி பணிப்பெண்ணுக்குக் கட்டளையிடுகிறாள். பணிப்பெண்ணுக்கு மனம் வரவில்லை. குழந்தைகளை ரகசியமாக வளர்க்கக் கொடுக்கிறாள். அவர்கள் கிறிஸ்தவர்களாக வளர்கிறார்கள். பின்னாளில் தந்தை அவர்களைத் தன் மக்களென்று அறிகிறான். தான் சொல்லும் ஆண்களை மணந்துகொள்ளும்படி வற்புறுத்துகிறான். கித்தேரி மறுத்துத் தப்பிச் செல்கிறாள், பிடிக்கப்பட்டுத் தலை வெட்டப்படுகிறாள்.

இக்கதைக்கு வரலாற்றுச் சான்று மிகக் குறைவு. ஆனாலும் அது பரவியதற்குக் காரணங்கள் உண்டு. மகளின் திருமணத்தைத் தந்தை முடிவுசெய்வதே வழக்கமாக இருந்த ஒரு சமூகத்தில், ‘மாட்டேன்’ என்று சொல்லும் பெண்ணே இதன் நாயகி. வெறிநாய்களைக் குரலால் அடக்கியவள் என்ற நம்பிக்கையால் வெறிநாய்க்கடிக்கு வேண்டிக்கொள்ளப்படும் புனிதையாகவும் அவள் ஆனாள். மருந்தில்லாத காலத்தில் அது சிறிய விஷயம் அல்ல. தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் கித்தேரியம்மாள் என்ற பெயர் புழங்கியது.

அம்மானை வடிவம்

வீரமாமுனிவரின் பெருநூல் தேம்பாவணி, 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட காப்பியம். சூசையப்பரை வளன் என்று தமிழாக்கி, பாலஸ்தீனத்தைத் தமிழ்க் காப்பிய நிலமாகவே காட்டும் அந்நூல் புலமையுள்ளவர்களுக்கானது. அம்மானை வேறு வகை. பெண்களின் காய் விளையாட்டுப் பாட்டிலிருந்து வந்த பெயர் அது. பின்னர் நீண்ட கதைகளை எளிய நடையில் சொல்லும் வடிவமாக வளர்ந்தது. ஏடு படிக்கத் தெரிந்த ஒருவர் ராகமிட்டு வாசிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். இராமப்பய்யன் அம்மானை போன்றவற்றைக் கேட்டுப் பழகிய செவிகளுக்கு, போர்ச்சுகல் நாட்டுப் பெண்ணின் கதையை அதே வடிவில் கொடுத்ததே முனிவர் செய்த நுட்பமான தேர்வு. எட்டாத் தொலைவிலுள்ள நிலம் கேட்பவருக்குத் தடையாகவில்லை.

பிற்காலக் கிறிஸ்தவக் காதல் கதைகள்

அமெரிக்க எல்லைப்புற நிலங்களைக் களமாகக் கொண்ட ஆங்கிலக் கிறிஸ்தவக் காதல் நாவல்கள் ஒருவகையில் இதே வாசிப்பின் இன்னொரு கிளை. ஜேனட் ஓக்கின் ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ (1979) புல்வெளி நிலத்தில் கணவனை இழந்த இளம்பெண், குளிர்காலத்தைக் கடக்க வேறு வழியின்றி, மனைவியை இழந்த ஒருவரை மணப்பதில் தொடங்குகிறது. பிரான்சின் ரிவர்ஸின் ‘ரிடீமிங் லவ்’ (1991) ஓசேயா தீர்க்கதரிசியின் கதையைக் கலிஃபோர்னியாவின் தங்க வேட்டைக் காலத்துக்குக் கொண்டுசெல்கிறது. இவற்றில் இறையருள் திருமணத்தின் வழியாக வருகிறது. கித்தேரியிலோ திருமணத்தை மறுப்பதே அருளின் அடையாளம். முதல் வகையைச் சீர்திருத்தச் சபையினரின் குடும்ப நோக்கு என்றும், இரண்டாவதைக் கத்தோலிக்கத் துறவு நோக்கு என்றும் கொள்ளலாம்.

தமிழில் காதலும் இல்லறமும் கொண்ட கிறிஸ்தவக் கதையாகப் புகழ்பெற்றது ஞானசௌந்தரி. மாற்றாந்தாயால் கைகள் வெட்டப்பட்ட இளவரசி, காட்டில் இளவரசனைச் சந்தித்து மணம்புரிந்து, மீண்டும் பிரிந்து, மாதாவின் அருளால் கைகளைத் திரும்பப் பெறும் கதை. இதுவும் ஐரோப்பிய நாட்டார் கதையின் தமிழ் வடிவமே. 1948-ல் சிட்டாடல், ஜெமினி ஆகிய இரு நிறுவனங்களும் இதைத் தனித்தனியே படமாக்கின. டி.ஆர். மகாலிங்கமும் எம்.வி. ராஜம்மாவும் நடித்த சிட்டாடல் படம் பெருவெற்றி பெற்றது. ஜெமினியின் படம் தோல்வியடைந்தது.