சாந்து காணாத வீடுகள்

இத்தாலி தேசத்தின் தென்கோடியில், பூலியா மாகாணத்தின் தலைநகரான பாரியிலிருந்து ரயிலேறித் தென்கிழக்கே பிரயாணம் செய்பவன், ஆலிவ் தோப்புகளையும் செம்மண் வயல்களையும் கல்லடுக்கிய வேலிச்சுவர்களையும் கடந்து, குதிர்களுக்குக் கூம்பிய மூடியிட்டு வரிசை வரிசையாக நிறுத்தியது போன்ற விசித்திரமான ஓர் ஊரைச் சென்றடைவான். அதற்கு அல்பெரோபெல்லோ என்று பெயர். வெள்ளையடித்த தணிந்த சுவர்களின்மேல் சாம்பல் நிறக் கற்கூம்புகள் தாங்கிய அவ்வீடுகளை ட்ருல்லி என்கிறார்கள். 1996-இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்துக்கொண்டது.

அங்கே பூமியைச் சிறிது கிளறினாலே சுண்ணாம்புக்கற்பாறை தட்டுப்படும். வயலைப் பண்படுத்த எப்படியும் அகற்றியாக வேண்டிய அந்தக் கற்களையே குடியானவன் வீட்டுக்கும் பிரயோஜனப்படுத்திக்கொண்டான். இரண்டு வரிசைக் கற்களுக்கு நடுவே சல்லியைக் கொட்டிச் சுவரைத் தடிமனாக எழுப்பி, அதன்மேல் வளையம் வளையமாகக் கற்களை அடுக்கி, ஒவ்வொரு வளையமும் கீழுள்ளதைவிடச் சற்றே உள்நோக்கி நீண்டிருக்கும்படி குறுக்கிக்கொண்டே போய், உச்சியில் ஒரே கல்லால் மூடிவிடுவான். சாந்தும் இல்லை, சாரமும் இல்லை. வெளிப்புறத்தில் மெல்லிய பலகைக்கற்களைச் சரிவாக வேய்ந்து, சிகரத்தில் கலசம் போன்ற ஒரு கல்லை வைத்துவிட்டால் கூரை முடிந்தது. ஆறுகளற்ற பிரதேசமாகையால், அந்தச் சரிவில் வழியும் மழைநீரும் வீணாகாமல் வீட்டடியிலுள்ள தொட்டிக்குப் போய்ச் சேரும். கனத்த சுவர் கோடையின் வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. அச்சுவரிலேயே குடைந்த மாடங்களில் கட்டிலும் அடுப்பும் அடங்கிவிடும்.

சாந்தில்லாததற்கு ஒரு ராஜாங்கக் கதை உண்டு. நேப்பிள்ஸ் ராஜ்யத்தில் புதிதாக ஓர் ஊர் உண்டாக்க வேண்டுமானால் அரசனுடைய அனுமதியும், அதற்குரிய வரியும் அவசியம். கொன்வெர்சானோவின் பிரபுக்களான அக்குவவீவா வம்சத்தார் இவ்விரண்டையும் தவிர்க்க விரும்பி, பரிசோதனைக்கு அதிகாரி வருகிறான் என்று செய்தி எட்டியவுடன் பிரித்துப் போடக்கூடிய வீடுகளையே ஜனங்கள் கட்டிக்கொள்ள வேண்டுமென்று உத்தரவிட்டார்களாம். உச்சிக்கல்லை உருவினால் வீடு முழுவதும் பொலபொலவென்று சரிந்துவிடும் என்று இக்கதைக்கு மெருகேற்றுவோரும் உண்டு. இதை மட்டும் நான் நம்பவில்லை; கட்டும்போது ஒவ்வொரு வளையமும் உச்சிக்கல்லின் துணையின்றியே நின்றிருக்க, அக்கல் போனவுடன் அவை ஏன் விழ வேண்டும்? உண்மையான அனுகூலம் வேறு: சாந்து பற்றாத கல் முழுசாகக் கழன்று வரும், அதிகாரி திரும்பிப் போனபின் அதே கல்லைக்கொண்டு அதே வீட்டை மறுபடியும் அடுக்கிவிடலாம். இந்த வித்தையும் பிரபு கற்பித்ததன்று. குடியானவர்களிடம் ஏற்கெனவே இருந்ததை அவர் தமக்குச் சௌகரியமாக்கிக்கொண்டார், அவ்வளவே. வரி மிஞ்சியது அவருக்கு. வீட்டை இடித்துக் கட்டும் சிரமம் அவர்களுக்கு.

கடைசியில் ஊரார் சிலர் நான்காம் பெர்டினாண்டு மன்னரிடம் நேரில் முறையிட, 1797 மே 27-ஆம் தேதி பிறந்த உத்தரவினால் பிரபுவின் பிடி நீங்கியது. அவ்வருஷமே சாந்து பூசி எழுப்பிய காசா தமோரே என்னும் வீடு இன்றும் நிற்கிறது. பார்வைக்குச் சாதாரணம், கருத்தில் பெரிது. மாடி வைத்த ட்ருல்லோ சொவ்ரானோ என்னும் மற்றொரு வீடு இப்போது காட்சிசாலையாக இருக்கிறது.

ஆயிரத்துக்கு மேற்பட்ட கூம்புகள் நெருங்கியுள்ள மோந்தி பகுதியில் கடைகளும் ஜனநெரிசலும் அதிகம். கூரைகளில் சுண்ணாம்பால் தீட்டிய சிலுவைக்கும் இருதயத்துக்கும் அங்கே சொல்லப்படும் வியாக்கியானங்களில் பாதியைத் தள்ளிவிடலாம். எதிர்ச்சரிவிலுள்ள அயா பீக்கொலாவில் இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன. அவகாசம் குறைவாக உள்ளவர்கள் மோந்தியைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, அயா பீக்கொலாவின் சந்துகளில் பொழுதைச் செலவிடுவது உத்தமம்.