பட்டாயா போகிறீர்களா? கடைசி நாளில் கடலில் இறங்காதீர்கள்!

விடுமுறை என்றால் ஊட்டி, கொடைக்கானல் என்றிருந்த குடும்பங்கள் இப்போது தாய்லாந்துக்குக் கிளம்பிவிடுகின்றன. அதிலும் பட்டாயா என்றால் இளவட்டங்களுக்குத் தனிக் குஷி! பாங்காக்கிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம். ஒரு காலத்தில் மீனவர் கிராமம். 1960-களில், வியட்நாம் போரின்போது ஓய்வெடுக்க வந்த அமெரிக்கச் சிப்பாய்களால் உல்லாச நகரமானது. பகலில் கடல், இரவில் 'வாக்கிங் ஸ்ட்ரீட்' கேளிக்கை... இரண்டுக்கும் பேர்போன ஊர்.

'போகாதீங்க' என்று நான் சொல்லவில்லை. ராத்திரி ஆட்டம், காலையில் ஆழ்கடல், சாயங்காலம் விமானம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

தண்ணீருக்குள் என்ன நடக்கிறது?

பட்டாயாவுக்கு எதிரே கோ லார்ன் தீவு இருக்கிறது. படகில் முக்கால் மணி நேரம். பயிற்சி பெற்றவர்கள் அதையும் தாண்டிப் போய், 2003-ல் மூழ்கடிக்கப்பட்ட 'க்ராம்' என்ற கடற்படைக் கப்பலையே சுற்றிப் பார்க்கிறார்கள்.

10 மீட்டர் ஆழம் இறங்கினாலே உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. சிலிண்டரிலிருந்து சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து தங்கிவிடும். மேலே வந்தபின் அது மெள்ள மெள்ள வெளியேற வேண்டும். அவசரப்பட்டால்? சோடா பாட்டிலைத் திறந்ததும் குமிழ் பொங்குகிறதே, அதே கதைதான்!

விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி மலைமேல் இருப்பது போலக் குறைந்திருக்கும். கடலடியிலிருந்து நேரே கொடைக்கானல் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்களேன்.

என்னிடம் வந்த ஓர் இளைஞர் இரவு இரண்டு மணிவரை குடித்துவிட்டு, காலையில் இரண்டு முறை முக்குளித்து, அன்று மாலையே சென்னைக்கு விமானம் ஏறியவர். 'தோள்பட்டை வலி, விரல் மரத்துப்போகுது, வாதத்துக்கு எண்ணெய் கொடுங்க டாக்டர்' என்றார். விஷயத்தைக் கேட்டதும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஆக்ஸிஜனும் அழுத்த அறைச் சிகிச்சையும் கொடுத்தார்கள். பிழைத்தார்! இதற்கு எங்கள் வைத்தியத்தில் தைலமோ சூரணமோ தேடவே கூடாது.

கவனிக்க வேண்டியவை

* ஒரு முறை முக்குளித்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏறுங்கள்.

* முதல் நாள் இரவு மது வேண்டாம். மது உடம்பின் நீரை வற்ற வைக்கும், நிதானத்தையும் கெடுக்கும். முக்குளித்த பிறகும் வேண்டாம். தலைசுற்றல் வந்தால் போதையா, நோயா என்றே தெரியாமல் போய்விடும்.

* சளி, மூக்கடைப்பு இருந்தால் இறங்காதீர்கள். தலைக்கவசம் மாட்டிக் கடல் தரையில் நடப்பவர்களுக்கும் இது பொருந்தும். செவிப்பறை கிழியலாம்.

* ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

* மேலே வரும்போது மூச்சை அடக்கவே அடக்காதீர்கள்.

* மூட்டுவலி, மரமரப்பு, தலைசுற்றல், அளவுக்கு மீறிய அசதி தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி. 'முக்குளித்தேன்' என்பதை முதலில் சொல்லுங்கள்.

* பயண இன்ஷூரன்ஸ் முக்குளிப்புக்கும் பொருந்துமா என்று பார்த்து எடுங்கள்.

வீட்டு வைத்தியம் எங்கே உதவும்?

படகில் குமட்டினால் சிறு துண்டு இஞ்சியை மென்று சாறை விழுங்குங்கள். இரவுக் கண்விழிப்பு, மது, காரம் மூன்றும் பித்தத்தை ஏற்றும் என்பது சித்த மருத்துவம். மறுநாள் இளநீர், மோர், கஞ்சி என்று குளிர்ச்சியாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்குங்கள்.

திட்டம் இப்படி இருக்கட்டும்: முதல் நாள் ஓய்வு, இரண்டாம் நாள் கடல், கடைசி நாள் நோங் நூச் பூந்தோட்டமும் மரத்தாலான 'சத்திய ஆலய'மும். குழந்தைகளும் ரசிப்பார்கள், உங்கள் ரத்தத்துக்கும் அவகாசம் கிடைக்கும்!