முக்கால் பேன்ட்... யாருக்கு எடுப்பு, யாருக்கு இடைஞ்சல்?

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் நின்றுவிடுகிற பேன்ட் ஒன்று நம் வீடுகளுக்குள் நுழைந்து பல வருஷமாகிறது. கடைக்காரர் அதை 'காப்ரி' என்பார். பெண் பிள்ளைகள் 'த்ரீ ஃபோர்த்' என்பார்கள். பாட்டிமார் பார்த்துவிட்டு, "என்னடி, துணி பத்தலையா?" என்பார்கள். முதலில் காலேஜ் பெண்கள் வீட்டுக்குள் போட்டார்கள். இப்போது நாற்பது, ஐம்பது வயது அம்மாக்களும் வாக்கிங் போகும்போது போடுகிறார்கள். கூடவே, "இது எனக்கு நல்லாயிருக்கா?" என்ற சந்தேகமும் வந்துவிட்டது.

சித்த வைத்தியருக்கும் பேன்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. இந்தக் கேள்வியோடு வரும் பெண்களில் பலருக்கு உண்மையான கவலை துணியைப் பற்றியது அல்ல. கால் தெரிகிறதே என்பதுதான். "கால் குச்சி மாதிரி இருக்கு", "கெண்டைக்கால் பருமனா இருக்கு", "கணுக்கால்ல கறுப்பு விழுந்திருக்கு" என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். இதில் முதல் இரண்டும் அழகு விஷயம். மூன்றாவது வைத்திய விஷயம்.

அழகு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பேன்ட்டின் ஓரம் காலில் எந்த இடத்தில் முடிகிறதோ, அங்கே குறுக்கே ஒரு கோடு விழுகிறது. பார்க்கிறவர் கண் அந்தக் கோட்டில் போய் நிற்கும். கெண்டைச்சதை மிகவும் பருத்திருக்கும் இடத்தில் அந்தக் கோடு விழுந்தால் கால் இன்னும் பருமனாகவும் குட்டையாகவும் தெரியும். சதை முடிந்து கால் மெலியத் தொடங்கும் இடத்தில் விழுந்தால் அதே கால் நீளமாகத் தெரியும். அந்த வித்தியாசம் சிலருக்கு வெறும் இரண்டு அங்குலம்தான்! கண்ணாடி முன்னால் நின்று பேன்ட்டை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள், உங்களுக்கே தெரிந்துவிடும்.

இன்னொரு சிக்கல் உயரம். நம் பெண்களில் ஐந்தடி, ஐந்தடி இரண்டு அங்குலம் உள்ளவர்களே அதிகம். ரெடிமேட் பேன்ட் அதைவிட உயரமானவருக்காக வெட்டியதாக இருந்தால், துணியில் முழங்காலுக்கு விட்ட இடம் நம் முழங்காலுக்குக் கீழே வந்து தொங்கும். முக்கால் பேன்ட், கால் அளவு தப்பிப் போன முழுப் பேன்ட் மாதிரி ஆகிவிடும். "எனக்கு இந்த மாடலே பொருந்தாது" என்று பெண்கள் தங்கள் உடம்பைத்தான் நொந்துகொள்கிறார்கள். குற்றம் தையலில்! உங்கள் தெரு டெய்லரிடம் கொடுத்து ஓரத்தை ஏற்றினால் பாதிக் குறை போய்விடும்.

இந்த உடையின் பிறப்பைச் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். 1948ல் சோன்யா டி லெனார்ட் என்ற பெண் ஜெர்மனியில் இதை வடிவமைத்தார். இத்தாலி நாட்டுக் காப்ரி தீவின் பெயரை வைத்தார். 1950களில் ஆட்ரி ஹெப்பர்ன் போன்ற நடிகைகள் போட்டதும் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஆனால் கணுக்கால் தெரியும் உடை நமக்குப் புதுசா என்ன? செட்டிநாட்டு ஆச்சிமார் கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்து, தண்டை தெரியும்படி உயர்த்திக் கட்டியவர்கள்தானே! அந்தக் காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. நாற்று நடும் பெண்கள் சேலையை முழங்கால் வரை ஏற்றிச் செருகித்தான் சேற்றில் இறங்கினார்கள். அப்போது யாரும் "துணி பத்தலையா?" என்று கேட்கவில்லை.

கேட்க ஆரம்பித்தது பின்னால். 2015ல் ஒரு தமிழ்ப் பத்திரிகை, லெக்கிங்ஸ் போட்ட பெண்களை அவர்களுக்கே தெரியாமல் படம் எடுத்து அட்டையில் போட்டு, ஆபாசமா என்று விவாதம் நடத்தியது. பெண்கள் கொதித்துப் போனார்கள். அதே வருஷம் நவம்பரில், கோயிலுக்கு வரும் பெண்கள் சேலை, தாவணி, அல்லது மேல்துணியோடு சுடிதார்தான் அணிய வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு உத்தரவு வந்தது. 2016 ஜனவரி 1ந்தேதி நடைமுறைக்கு வந்து, அந்த மாதமே தடையும் விழுந்தது. கோயிலுக்கு எதைப் போடுவது, ஆபீசுக்கு எதைப் போடுவது என்பதை அந்தந்த இடத்து மரியாதை பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள். எனக்கு உள்ள வருத்தம் வேறு. இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக் கேட்டு, கால் என்றாலே மறைக்க வேண்டிய உறுப்பு என்று நம் பெண்கள் மனசில் பதிந்துவிட்டது. மறைத்த கால் வைத்தியரிடமும் மறைந்தே இருக்கிறது.

வேப்பம்பட்டில் என்னைப் பார்க்க வந்த ஒரு அம்மாவைச் சொல்கிறேன். வயது நாற்பத்தாறு. தி.நகரில் ஜவுளிக்கடை வேலை. காலையில் வேப்பம்பட்டு ஸ்டேஷனில் லோக்கல் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து, மறுபடி ரயில் ஏறி மாம்பலம் போக வேண்டும். சேலை தடுக்கி ஒருநாள் படியில் தடுமாறியதிலிருந்து மகள் ஒரு முக்கால் பேன்ட்டும் நீள டாப்ஸும் வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

"பொண்ணு ஆசையா வாங்கிட்டு வந்துட்டா டாக்டர். ஆனா நான் போட மாட்டேன். எனக்கு அசிங்கமா இருக்கும்."

"ஏம்மா, அப்படி என்ன அசிங்கம்?"

கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுச் சேலை ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். இடது காலில் முழங்காலுக்குக் கீழே நீலநிறத்தில் நரம்பு முடிச்சு முடிச்சாகச் சுருண்டிருந்தது. கணுக்காலின் உட்புறம் தோல் தடித்து, கறுத்து, சொறிந்த தடம். எத்தனை வருஷமாக என்றேன். ஒன்பது வருஷம்! "வீட்டுக்காரர்கிட்டகூட காட்டினதில்லை. சேலைக்குள்ள இருக்குதேன்னு விட்டுட்டேன்" என்றார்.

இதைத்தான் நாம் நரம்புச் சுருட்டு என்கிறோம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'வெரிகோஸ் வெயின்' என்று எழுதுவார்கள். காலில் இருக்கும் ரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து மேலே போயாக வேண்டும். அதற்கு இரண்டு ஏற்பாடு உண்டு. நடக்கும்போது கெண்டைச்சதை சுருங்கிப் பம்பு மாதிரி ரத்தத்தை மேலே தள்ளும். தள்ளிய ரத்தம் திரும்பி இறங்காமல் ரத்தக்குழாய்க்குள் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் தடுக்கும். ஒரே இடத்தில் மணிக்கணக்காக நின்றால் பம்பு வேலை செய்யாது. ரத்தம் கீழேயே தேங்கி, நாளடைவில் வால்வு பழுதாகி, குழாய் புடைத்துச் சுருண்டுவிடும். பிள்ளைப்பேறு, உடல் பருமன், குடும்பத்து வாகு இவையும் சேர்ந்தால் சீக்கிரம் வரும். முதலில் மாலையில் கால் கனக்கும், வீங்கும். பிறகு அரிப்பு, கறுப்பு. கடைசியில் கணுக்கால் பக்கம் ஆறாத புண்.

ஜவுளிக்கடைப் பெண்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டமாக இருந்தது. 2018ல் கேரளம் இதை மாற்றியது. தமிழ்நாட்டிலும் 2021ல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை வைத்தே ஆக வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். சட்டம் வந்துவிட்டதே தவிர, "ஸ்டூல் இருக்கு டாக்டர், உட்காரத்தான் முடியறதில்லை" என்று சொல்கிறவர்கள் இன்னும் வருகிறார்கள்.

அந்த அம்மாவை அரசு மருத்துவமனைக்கு அனுப்பி டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். வால்வு எந்த இடத்தில் பழுது என்று தெரியாமல் கஷாயம் கொடுத்துக்கொண்டிருப்பது சரியில்லை. சிகிச்சை முடிந்து புண்ணாகும் ஆபத்திலிருந்து தப்பிவிட்டார். தெரிந்த நோய்தான், ஆனால் மகள் ஒரு பேன்ட் வாங்கி வந்த பிறகுதான் அது வெளியே வந்தது!

நரம்புச் சுருட்டு உள்ளவர்கள் முக்கால் பேன்ட் போடலாமா? தாராளமாகப் போடலாம். ஓரத்தில் எலாஸ்டிக் வைத்து இறுக்கிய மாடல் மட்டும் வேண்டாம். டாக்டர்கள் இதற்குக் கொடுக்கும் காலுறையைக் கவனித்திருப்பீர்கள். கணுக்காலில் அதிக இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் இருக்கும். ரத்தம் மேலே ஏற அது உதவும். கெண்டைக்காலில் மட்டும் இறுகிப் பிடிக்கும் எலாஸ்டிக் அதற்கு நேர் எதிர். கழற்றும்போது தோலில் பள்ளமாகத் தடம் இருந்து, வெகுநேரம் மறையவில்லை என்றால் அந்த பேன்ட் உங்களுக்கு ஆகாது. ராத்திரி காலுக்குத் தலையணை வைத்து உயர்த்திப் படுங்கள். நின்ற இடத்திலேயே குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குங்கள். சுருண்ட நரம்பின்மேல் எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்க்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஒரு காலில் மட்டும் திடீரென்று வீக்கமும் வலியும் வந்தால் என்னைத் தேடி வராதீர்கள், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ரத்தம் உறைந்திருக்கலாம்.

காலை விட்டு இடுப்புக்கு வருவோம். "என்ன இருந்தாலும் நம்ம சேலை மாதிரி உடம்புக்கு நல்லது எதுவும் இல்லை" என்று மாமியார்கள் சொல்வார்கள். எனக்கும் சேலை பிடிக்கும். ஆனால் உள்பாவாடை நாடாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே இடத்தில் பல வருஷம் இறுக்கிக் கட்டுவதால் இடுப்பில் கறுப்பு வளையமும் தடிப்பும் விழுந்திருப்பதை நம் வீட்டுப் பெரியவர்களிடம் பார்க்கலாம். அரிதாக அது புண்ணாகி, அதைவிட அரிதாகப் புற்றாகவும் மாறியிருக்கிறது. 2024ல் மகாராஷ்டிரம், பீகார் டாக்டர்கள் இப்படி இரண்டு பெண்களைப் பற்றி ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஒருவருக்கு எழுபது வயது. விலாவுக்குக் கீழே 18 மாதமாக ஆறாத புண். நாடாவைத் தளர்த்திக் கட்டுங்கள், இடத்தை மாற்றி மாற்றிக் கட்டுங்கள், அகலப் பட்டி வைத்துத் தையுங்கள். ஆறாத புண் இருந்தால் காட்டுங்கள். பயப்பட வேண்டிய விஷயம் அல்ல, பார்க்க வேண்டிய விஷயம். அகலமான இடுப்புப்பட்டி வைத்த பேன்ட் இந்த ஒரு விதத்தில் நாடாவைவிட மேல் என்றே சொல்வேன்.

ஆனால் துணி விஷயத்தில் பேன்ட்தான் தோற்கும். லைக்ரா, பாலியெஸ்டர் கலந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும் ரகம் நம் வெயிலுக்கு லாயக்கில்லை. வியர்வை ஆறாமல் தொடையிடுக்கில் படர்தாமரை வந்துவிடுகிறது. இந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷமாக நாடு முழுக்க இது பிடிவாதமான நோயாகிவிட்டது. காரணம், மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம்கள். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகத் திரும்பும். சித்த மருத்துவத்தில் சீமையகத்திக் களிம்பு உண்டு. ஆரம்ப நிலையில் நல்ல பலன் தரும்; படர்ந்துவிட்டால் வைத்தியரைப் பார்த்தே ஆக வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒரே டவல் உபயோகிப்பதையும் நிறுத்துங்கள்.

"சித்த முறைப்படி எந்த உடம்புக்கு எது பொருந்தும்?" என்று சிலர் கேட்பார்கள். காப்ரிக்கு ஓலைச்சுவடியில் இடமில்லை அம்மா! ஆனால் வாத, பித்த, ஐய உடல்வாகை வைத்து ஒரு யோசனை சொல்லலாம். வாத உடம்பு மெலிந்தது, தோல் வறண்டது; கெண்டைக்காலில் வெள்ளைச் செதில் தெரியும். வாரம் இரண்டு எண்ணெய் முழுக்கும், தளர்வான பருத்தி பேன்ட்டும் போட்டால் அந்தக் கால் எடுப்பாக இருக்கும். பித்த உடம்புக்குச் சூடும் வியர்வையும் அதிகம். ஒட்டும் துணி கூடவே கூடாது. ஐய உடம்பு பருத்தது, நீர் கோக்கும். மாலையில் காலை விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் முதலில் ரத்த அழுத்தம், சிறுநீரகம், தைராய்டு பரிசோதனை, பேன்ட் அப்புறம். குதிகால் பித்தவெடிப்புக்குக் குங்கிலிய வெண்ணெய் தடவி, ராத்திரி பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் என் தீர்ப்பு மாறிவிடும். பெயரிலேயே வேம்பு உள்ள ஊரில் கொசு வரக்கூடாதுதான். ஆனால் தண்ணீர் தேங்கினால் அதற்கு ஊர் பேர் தெரியாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் குறி வைக்கும். முக்கால் பேன்ட் விட்டு வைக்கும் இடமும் அதுவே. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வெளியே போகும்போது கணுக்கால் மூடிய உடை நல்லது. வீட்டுக்குள் போடுவதென்றால் தேங்காயெண்ணெயில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து காலில் தடவிக்கொள்ளலாம். முதலில் கையில் சிறிது தடவிப் பார்த்து, எரிச்சல் இல்லை என்றால் மட்டும்.

கடையில் வாங்கும்போது ட்ரையல் ரூமில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். உட்கார்ந்து பாருங்கள், வயிற்றை வெட்டுகிறதா, தொடையில் இழுக்கிறதா என்று தெரியும். லோக்கல் ரயில் படி ஏறுகிற மாதிரி ஒரு காலைத் தூக்கிப் பாருங்கள். ஓரத்தில் உள்மடிப்புத் துணி இரண்டு அங்குலமாவது இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். இருந்தால், உங்கள் காலில் எந்த இடம் எடுப்பு என்று பார்த்து டெய்லர் இறக்கிக் கொடுத்துவிடுவார்.