தருமபுரியிலிருந்து ஜித்தா எவ்வளவு தூரம்?

உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ எண்ணம் வைத்திருக்கும் வாசகர்களே! “ஜித்தாவுக்கு எத்தனை மணி நேரம்?” என்று கேட்டால், “ஆறு மணி” என்று சட்டெனப் பதில் வரும். அது சென்னை விமான நிலையத்திலிருந்து கணக்கிட்ட நேரம். தருமபுரி, பாலக்கோடு, அரூர் மக்களின் பயணமோ அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது.

தருமபுரி மாவட்டத்தில் பயணியர் விமான நிலையம் கிடையாது. அருகிலிருப்பது ஓமலூரை அடுத்த காமலாபுரத்திலுள்ள சேலம் விமான நிலையம். அங்கு 2018 மார்ச்சில் தொடங்கிய சென்னைச் சேவை 2021இல் நின்றது. 2023 அக்டோபரில் விமானங்கள் மீண்டும் வரத் தொடங்கின. ஆனால் ஜித்தா செல்ல நமக்குச் சென்னை அல்லது பெங்களூருதான் வழி. சென்னைக்குச் சாலை வழி ஏறத்தாழ 300 கிலோமீட்டர். பயணத்திற்கு ஆறு மணி, விமான நிலையத்தில் காத்திருக்க மூன்று மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வானில் கழியும் நேரத்தைவிட மண்ணில் கழிவதே அதிகம்! முதியோரை அழைத்துச் செல்பவர்கள் முதல் நாளே புறப்பட்டுத் தங்கி இளைப்பாறுவது நலம். பெங்களூருவின் தேவனஹள்ளி நிலையம் நமக்கு இதைவிட மிகவும் அருகில் உள்ளது. ஆயினும் ஓசூரைக் கடந்தபின் வரும் நெரிசலை நம்பி நேரத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

சென்னையிலிருந்து ஜித்தா நேர்க்கோட்டில் சுமார் 4,450 கிலோமீட்டர். பெங்களூருவிலிருந்து சுமார் 4,180. குளிர்காலத்தில் வானுயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று போகும்போது எதிர்க்கும், திரும்பும்போது தள்ளிவிடும். ஆகையால் போக ஆறு மணி எடுக்கும் விமானம் வர ஐந்தரை மணியே எடுக்கலாம்.

பயணச்சீட்டில் அச்சிடப்படும் நேரங்கள் அந்தந்த ஊர் நேரங்களே. சவூதி நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்தங்கியது. காலை 10 மணிக்குப் புறப்பட்டு, ஆறு மணி பறந்து இறங்கினால் அங்கே பிற்பகல் 1.30 மணிதான். சீட்டைப் பார்ப்பவருக்கு மூன்றரை மணிப் பயணம் போலத் தோன்றும். இன்சுலின் போடுவோரும் வேளை தவறாமல் மாத்திரை உண்போரும் இந்த வேறுபாட்டை மருத்துவரிடம் முன்னரே சொல்லி, எப்போது எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, மிக முக்கியமானது. ஜித்தாவில் இறங்குவதற்கு முன்பே விமானம் மீக்காத் எல்லையைக் கடந்துவிடும். அதற்குள் இஹ்ராம் நிய்யத் வைக்கத் தவறினால், திரும்பிச் சென்று வைக்க வேண்டும்; இல்லையேல் பரிகாரம் கடமையாகும். அறிவிப்பு வரும் வேளையில் நீங்கள் அயர்ந்து உறங்கிக்கொண்டிருக்கலாம். குறுகிய கழிவறையில் உடை மாற்றுவதும் எளிதன்று. வீட்டிலோ விமான நிலையத்திலோ குளித்து இஹ்ராம் துணியை அணிந்துகொண்டு, நிய்யத்தை மட்டும் மீக்காத் நெருங்கும்போது வைப்பது பலரும் கைக்கொள்ளும் வழி. நிலையத்தில் அணிவதானால், துணியைப் பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.