சொட்டு விழும் இடமும் எண்ணெய் கசியும் இடமும்

பழைய அம்பாசிடர் கார் ஒன்று இரவு முழுவதும் நின்ற இடத்தைக் காலையில் போய்ப் பாருங்கள். தரையில் அநேகமாக ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். காருக்கு உரியவர் குனிந்து, பொட்டுக்கு நேர் மேலே பார்ப்பார். அங்கே எண்ணெய் ஈரம் தெரியும். "கசிவு இங்கேதான்!" என்று முடிவு கட்டிவிடுவார். பெரும்பாலும் அது தவறான முடிவாகவே இருக்கும்.

ஏன் அப்படி? எஞ்சினின் வெளிப்புறம் மேடும் பள்ளமுமான வார்ப்பிரும்பு. மேலே எங்கோ கசிந்த எண்ணெய் அதில் ஒட்டிக்கொண்டே கீழிறங்கி, மிகத் தாழ்ந்த முனைக்கு வந்த பிறகுதான் சொட்டாகத் திரண்டு விழுகிறது. கார் ஓடும்போது எதிர்க்காற்றும் விசிறிக் காற்றும் சேர்ந்து அதைப் பின்னோக்கித் தள்ளுகின்றன. ஆகவே ஈரமான இடங்களில் மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருப்பது எது என்றே தேட வேண்டும்.

முதலில், விழுவது எஞ்சின் எண்ணெய்தானா? வெள்ளைத் தாளை அடியில் விரித்து வைத்தால் தெரிந்துவிடும். பழுப்பு அல்லது கறுப்பு என்றால் எஞ்சின் எண்ணெய். மூக்கைத் துளைக்கும் கந்தக நாற்றம் அடித்தால் பின் அச்சின் கியர் எண்ணெய். சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தால் பிரேக் திரவமாக இருக்கலாம். அப்படியானால் காரை எடுக்கவே கூடாது.

அடுத்து, எஞ்சின் ஆறியிருக்கும்போது அதை மண்ணெண்ணெயால் நன்றாகத் துடைத்துக் காயவிடுவார் மெக்கானிக். (தீ அருகில் இருக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை.) காய்ந்த பரப்பில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, எஞ்சினைக் கால் மணி நேரம் ஓட்டுவார். நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் எண்ணெய் வந்த பாதை கோடாகத் தெரியும்! எண்ணெயில் ஒளிரும் சாயத்தைக் கலந்து, புற ஊதா விளக்கில் பார்க்கும் முறையும் உண்டு. இரண்டுக்கும் தத்துவம் ஒன்றே. சூடாக ஓடவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. 40 டிகிரி செல்சியசில் உள்ள எண்ணெய் 100 டிகிரியை எட்டும்போது அதன் பாகுநிலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. குளிர்ந்தபோது நுழைய முடியாத இடுக்கில் அப்போது எளிதாக நுழைகிறது.

அம்பாசிடரின் பழைய 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினில் ஒரு வேடிக்கை உண்டு. கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. அதற்குப் பதிலாகத் திருகுமரை போன்ற வரி வெட்டப்பட்டிருக்கும். ஷாஃப்ட் சுழலும்போது அந்த வரி, வெளியேறப் பார்க்கும் எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளும். நம் ஆர்க்கிமிடீஸ் திருகுதான்! சுழற்சி நின்றால் திருகுக்கு வேலையில்லை. எனவே நிறுத்திய பிறகு இரண்டொரு சொட்டு விழுவது அந்த அமைப்பின் இயல்பு, நோயல்ல.

இதை அறியாமல் பலர் பணத்தை இழக்கிறார்கள். எஞ்சினின் பின்பக்கம் நனைந்திருந்தால், "பின்முனை போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்" என்று சொல்லப்படுகிறது. அது பெரிய செலவு. உண்மையில் மேலே உள்ள டேப்பெட் மூடியோ, எஞ்சினின் பக்கவாட்டில் புகைபோக்கிக் குழாய்க்குக் கீழே மறைந்திருக்கும் சிறு மூடியோ கசிந்து, எண்ணெய் பின்பக்கமாக வழிந்து வந்திருக்கலாம். அங்கே வேண்டியது ஒரு புதிய கார்க் பேக்கிங் மட்டுமே. பேக்கிங் கசிகிறதே என்று நட்டை மேலும் இறுக்குவது கெடுதல்; தகட்டு மூடி வளைந்து, கசிவு கூடும்.

புதுப் பேக்கிங்கும் சில நாளில் கசிந்தால்? அப்போது எஞ்சினின் மூச்சைக் கவனிக்க வேண்டும். எரிந்த வாயுவில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி அடியில் உள்ள கிராங்க் அறைக்குள் இறங்குகிறது. அது வெளியேற ஒரு குழாய் உண்டு. அந்தக் குழாய் எண்ணெய்க் கசடால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, இருக்கிற இடுக்குகளில் எல்லாம் எண்ணெயைப் பிதுக்கித் தள்ளும். இப்படிப்பட்ட எஞ்சினுக்கு எத்தனை பேக்கிங் மாற்றினாலும் பயனில்லை. குழாயைக் கழுவ வேண்டும். குழாய் சுத்தமாக இருந்தும், எண்ணெய் ஊற்றும் வாயைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வருகிறதா? வளையங்கள் தேய்ந்துவிட்டன. அப்போது எஞ்சினை இறக்கத்தான் வேண்டும்.

எவ்வளவு எண்ணெய் போகிறது என்பதையும் கணக்கிடலாம். எண்ணெயின் பரப்பு இழுவிசை நீரினுடையதைவிடக் குறைவு. அதனால் சொட்டும் சிறியது. 40 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஆறு சொட்டு வீதம் பத்து மணி நேரத்தில் 90 மில்லிலிட்டர். தரையில் விழுந்தது இவ்வளவுதான். ஆனால் அளவுக் குச்சியை எடுத்துப் பார்த்தால் இதைப் போலப் பல மடங்கு குறைந்திருக்கிறது என்றால், மீதி எங்கே? நீலப் புகையாக எரிந்து போயிருக்கலாம். அல்லது பம்பின் அழுத்தம் உள்ள ஏதோ ஒரு குழாய், எஞ்சின் ஓடும்போது மட்டும் கசிந்து சாலையில் சிந்தியிருக்கலாம். நின்ற காரின் அடியில் அதற்குத் தடயமே இருக்காது. இந்த இரண்டாவது வகைதான் ஆபத்தானது: எண்ணெய் வற்றிய பேரிங் சில நிமிடங்களில் இறுகிவிடும்.